குன்னத்தில் கிடைத்தவை டைனோசர் முட்டைகளா? அரியலூர்ப் பாறைகளில் உண்மையில் இருப்பவை

கேள்வி இது: 2020ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே ஏரியைத் தூர்வாரியபோது பெரிய பெரிய கல் உருண்டைகள் வெளிப்பட்டன, டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது, பின்னர் அவை முட்டைகள் அல்ல என்று நிபுணர்கள் கூறிவிட்டார்கள். அப்படியானால் அந்தப் பகுதியில் டைனோசரே வாழவில்லையா? வேறு என்னதான் அங்கே கிடைக்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், டைனோசர் இருந்தது, முட்டையும் இருந்தது, ஆனால் குன்னத்தில் கிடைத்தவை அவையல்ல. அரியலூர், பெரம்பலூர் பாறைகளில் பெரும்பகுதி கடலடியில் படிந்தவை. அங்கே டைனோசர் எலும்பு கிடைப்பது அரிது. கடல் உயிரினங்களின் எச்சங்களோ காலால் இடறும் அளவுக்குக் கிடக்கின்றன. எல்லோரும் டைனோசரைத் தேடிப் போய், உலகம் முழுவதும் உள்ள ஆய்வாளர்கள் 180 ஆண்டுகளாக மதித்துவரும் ஒரு பழங்கடலின் தரையை மிதித்துவிட்டுத் திரும்பிவருகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் அந்த உருண்டைகளைப் பார்த்துவிடுவோம். கடலடிச் சேற்றில் ஓர் உயிரினம் புதையும்போது அதன் உடலை நுண்ணுயிரிகள் சிதைக்கின்றன. அப்போது சுற்றியுள்ள சேற்றின் வேதித்தன்மை மாறி, நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு அந்த உடலைச் சுற்றிப் படியத் தொடங்குகிறது. உள்ளிருந்து வெளியே சிறுகச் சிறுக வளர்ந்து, சுற்றியிருக்கும் களிமண்ணைவிடப் பல மடங்கு கெட்டியான ஓர் உருண்டை உண்டாகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் களிமண் மழையில் கரைந்தோடும்போது உருண்டை மட்டும் தனியே நிற்கிறது. இதைத் திரட்சி அல்லது கணு என்பார்கள். உடைத்துப் பார்த்தால் நடுவில் பெரும்பாலும் அம்மோனைட் எனப்படும் சுருள் ஓட்டுக் கடல் உயிரினமோ, சிப்பியோ, மரத்துண்டோ இருக்கும். சிலவற்றில் ஒன்றும் இருக்காது. முட்டையிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினமன்று. இந்தியாவில் கிடைத்துள்ள உருண்டை வடிவ டைனோசர் முட்டைகள் ஏறத்தாழ 12 முதல் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ளவை. அவற்றுக்கு ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில் தனியான ஓடு உண்டு. அந்த ஓட்டின் புறத்தில் குறுமணிகளும், காற்று புகும் நுண்துளைகளும் உருப்பெருக்கியில் தெரியும். ஓடே இல்லாமல் உள்ளும் புறமும் ஒரே கல்லாக, அரை மீட்டருக்கு மேல் விட்டமுள்ள உருண்டை ஒன்று முட்டையாக இருக்க வழியே இல்லை. முட்டை பெரிதாகப் பெரிதாக ஓடும் தடிக்க வேண்டும். ஓடு தடித்தால் உள்ளிருக்கும் குஞ்சுக்கு மூச்சு முட்டும். ஆகவே எவ்வளவு பெரிய விலங்காக இருந்தாலும் முட்டையின் அளவுக்கு ஓர் எல்லை உண்டு.

இனி அந்தக் கடல் எப்படி வந்தது என்பதைப் பார்க்கலாம். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் தென் கண்டங்கள் ஒன்றாக இருந்த கோண்டுவானாப் பெருநிலம் பிளந்து, இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்க்டிகாவிலிருந்து விலகத் தொடங்கியபோது நிலம் விரிந்து பள்ளங்கள் உண்டாயின. இன்று காவிரிப் படுகை எனப்படுவது அவற்றுள் ஒன்று. அப்போது இந்தியா தென் அரைக்கோளத்தில் வெகு தெற்கே இருந்தது. முதலில் ஆற்று மண்ணும் தாவரங்களும் நிறைந்த அந்தப் பள்ளத்திற்குள், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் நுழைந்தது. பின்வாங்கியும் மீண்டும் ஏறியும், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் அது அங்கே இருந்தது. அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருப்பதால், மேற்கே திருச்சி மாவட்டத்து ஊட்டத்தூரிலிருந்து கிழக்கே செந்துறைப் பக்கம் போகப் போகப் பாறையின் வயது குறைந்துகொண்டே வரும். ஒரு நாள் பயணத்தில் டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பாதி முழுவதையும் கடந்துவிடலாம். இந்தியாவில் இப்படிப்பட்ட இடம் வேறு இல்லை என்றே சொல்வேன்.

இதை வெளியுலகம் அறிந்தது 1840களில். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் பொறுக்கிய சிப்பிகளை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் நிலத்தை அளந்து, 1862இல் இந்த அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பிரிவினை சிறு மாற்றங்களுடன் இன்றும் நிற்கிறது. எச்சங்களை ஒவ்வொன்றாக விவரித்துப் படம் வரைந்து நான்கு பெருந்தொகுதிகளாக வெளியிடும் வேலையை மொராவியாவில் பிறந்த ஃபெர்டினான்ட் ஸ்டொலிச்கா 1873க்குள் முடித்தார். அடுத்த ஆண்டே, மத்திய ஆசியாவின் யார்கண்டுக்குச் சென்ற பயணத்திலிருந்து திரும்பும் வழியில், கரகோரம் மலைப்பாதையில் 36 வயதில் இறந்துபோனார். ஊட்டத்தூர்ச் சிப்பியைப் பெயர் சொல்லி அடையாளம் காண விரும்பும் எவரும் இன்றும் அவருடைய படத்தட்டுகளைத்தான் முதலில் புரட்ட வேண்டியிருக்கிறது.

நேரில் பார்க்க விரும்பினால் காரை கிராமத்திலிருந்து தொடங்குங்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள இந்த ஊரையொட்டிய நிலம் ஒரு புல்பூண்டும் சரியாக முளைக்காத களிமண் மேடு. மழைநீர் அதை அறுத்து அறுத்து, ஆளுயரத்திற்கும் மேலான ஓடைகளாகப் பிளந்து வைத்திருக்கிறது. வெயில் ஏறும் நேரத்தில் போனால் மேடு முழுவதும் கண்ணாடிச் சில்லு கொட்டியதுபோல் மின்னும். அது ஜிப்சம்; கடலில் படிந்ததன்று, களிமண் இறுகிய பிறகு அதன் வெடிப்புகளில் பிற்காலத்தில் படிந்தது. தகடு தகடாக உரித்தெடுக்கலாம், நகத்தால் கீறினாலே கோடு விழும். அந்தச் சில்லுகளுக்கிடையே குனிந்து பார்த்தால் பழுப்பு நிறத்தில், விரல் நீளத்திற்கு, ஒரு முனை கூராகச் சீவிய பென்சில் போன்ற கற்கள் கிடைக்கும். உடைந்த முகத்தைத் திருப்பிப் பாருங்கள்: நடுப்புள்ளியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் மெல்லிய கோடுகள் விளிம்பு வரை ஓடும். இவை பெலம்னைட்டுகள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்ற பெயரில் கணவாயின் உள்ளோட்டை விற்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட உறவு. கணவாயைப் போல நீந்தித் திரிந்த ஒரு விலங்கின் உடலுக்குள், வால் பக்கத்தில் பாரமாக இருந்த உறுப்பு இது. உடலின் மென்பகுதி எல்லாம் அழிந்துபோய், கெட்டியான இது மட்டும் எஞ்சியிருக்கிறது.

காரைக் களிமண்ணிலும் அதைச் சார்ந்த ஊட்டத்தூர் அடுக்குகளிலும் அம்மோனைட்டுகள் ஏராளம். நத்தைபோல் சுருண்டிருப்பதால் பலர் இதை நத்தை என்றே நினைத்துவிடுகிறார்கள். ஓட்டின் உட்புறம் அறை அறையாகத் தடுக்கப்பட்டிருப்பதே வேறுபாடு. நத்தையோட்டில் தடுப்பு இல்லை. இதில் விலங்கு கடைசி அறையில் மட்டும் குடியிருந்துகொண்டு, பின்னால் விட்டுவந்த அறைகளில் வாயுவை நிரப்பி மிதந்தது. அறைச்சுவர் ஓட்டைத் தொடும் கோடு இலை நரம்புபோல் மடிந்து மடிந்து செல்லும். அந்த மடிப்பின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வந்து நம் வீட்டுப் பூசையறையில் இருக்கும் சாளக்கிராமங்களில் சக்கரம்போல் தெரிவதும் அம்மோனைட்தான், ஆனால் அது இவற்றைவிடப் பழையது. எல்லா அம்மோனைட்டும் தட்டையாகச் சுருள்வதும் இல்லை. டர்ரிலைட்டுகள் திருகாணிபோல் மேல்நோக்கிச் சுற்றும். பாக்குலைட்டுகள் கோல்போல் நேராகவே நீளும். இவற்றின் மதிப்பு அழகில் மட்டும் இல்லை. ஓர் இனம் தோன்றி, கடல்கள் எங்கும் பரவி, சில லட்சம் ஆண்டுகளில் அழிந்துவிடுவதால், ஊட்டத்தூரில் ஓர் இனத்தைக் கண்டால் அதே இனம் உள்ள மடகாஸ்கர்ப் பாறைக்கும் ஐரோப்பியப் பாறைக்கும் இதுவும் ஒரே வயது என்று சொல்லிவிட முடிகிறது. 1890களில் வியன்னாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் காஸ்மட் இந்த ஒப்பீட்டை விரிவாகச் செய்தார்.

அந்தக் கடலில் அம்மோனைட்டுகளைத் தின்றவையும் இருந்தன. டால்பின் போன்ற உடலமைப்பு கொண்ட, ஆனால் ஊர்வன வகையைச் சேர்ந்த இக்தியோசாரின் முள்ளெலும்புகள் இங்கே கிடைத்தன. அவற்றுக்கு ஆங்கிலேய ஆய்வாளர் லைடெக்கர் 1879இல் இந்தியாவின் பெயரையே சூட்டினார். காரையிலிருந்து அதன் பற்களும் பின்னாளில் கிடைத்துள்ளன. அந்த விலங்கினம் உலகெங்கும் ஏறத்தாழ 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயிற்று. காரையில் இருந்தவை அதன் கடைசிச் சந்ததிகளோடு சேர்ந்தவை. சுறாக்களின் எலும்பு குருத்தெலும்பு என்பதால் எஞ்சுவதில்லை; பற்கள் மட்டும் பளபளப்புக் குறையாமல் கிடக்கின்றன. அவற்றுள் டைக்கோடஸ் என்பதன் பல் விசித்திரமானது. கடிப்பதற்கான கூர்மையே இல்லாமல், மேற்புறம் வரிவரியாகப் புடைத்த அம்மிக்கல் போலிருக்கும். சிப்பிகளை நொறுக்கித் தின்ற சுறா அது.

ஊட்டத்தூர்த் தொகுதியின் அடிப்பகுதியில் ஒரு பவளப்பாறையும் உண்டு. கல்லக்குடிச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் தெரியும் அந்தப் பாறை பவளமும் கடற்பாசியும் சேர்ந்து கட்டியது. புவியியல் நூல்களில் அதன் பெயர் டால்மியாபுரம் அடுக்கு. 1953இல் எந்தப் பெயரை நீக்கக் கோரித் தண்டவாளத்தில் தலைவைத்துப் போராடினார்களோ அந்தப் பெயர், ஊரிலிருந்து போய்விட்ட பிறகும் பாறையில் தங்கிவிட்டது. அடுக்குகளுக்கு ஒருமுறை வைத்த பெயரை எளிதில் மாற்றுவதில்லை என்பது இத்துறையின் வழக்கம்.

அடுத்ததான திருச்சிராப்பள்ளித் தொகுதி கரையோரக் கடலில் படிந்தது, மணற்கற்கள் மிகுதி. கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல் மெருகேற்றினால் வெள்ளைச் சிப்பிகள் கருஞ்சாம்பல் பின்னணியில் பூவேலைபோலத் தெரியும் என்பதால் 'திருச்சிராப்பள்ளிப் பளிங்கு' என்ற பெயரில் மேசைத்தட்டுகளுக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் பயன்பட்டது. சாத்தனூர்க் கல்மரமும் இந்தத் தொகுதியைச் சேர்ந்ததே. 18 மீட்டர் நீளமுள்ள அந்த அடிமரத்தை 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அறிவித்தார், இன்று அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அங்கே காடு இருந்தது என்று சுற்றுலா வருபவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். மரம் கிடப்பது கடற்படிவுக்குள். எங்கோ கரையில் வளர்ந்த மரம் ஆற்றில் அடித்துவரப்பட்டு, கடலில் மிதந்து, நீர் ஊறி மூழ்கி, மணலில் புதைந்து, மரத்தின் திசுக்களுக்குள் சிலிக்கா நுழைந்து கல்லாயிற்று.

இதே தொகுதியில்தான் திராவிடோசாரஸும் கிடைத்தது. யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1979இல் இதற்கு இந்தப் பெயரை வைத்து, முதுகில் தகடுகள் வரிசையாக நிற்கும் ஸ்டெகோசார் வகை டைனோசர் என்று அறிவித்தார்கள். மற்ற கண்டங்களில் இந்த வகை அற்றுப்போய் நெடுங்காலத்துக்குப் பிறகும், ஏறத்தாழ 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை, இந்தியாவில் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது என்பது அதன் பொருள். ஆனால் 1996இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் அந்த இடத்தை மீண்டும் ஆராய்ந்து, அங்கிருப்பவை பிளீசியோசார் எனப்படும் நீண்ட கழுத்துடைய கடல் ஊர்வனவின் சிதைந்த எலும்புகள் என்றார்கள். கடற்படிவில் கடல் விலங்கு கிடைப்பது இயல்பு என்பதால் என் மனம் பின்னதன் பக்கமே சாய்கிறது. இருந்தும் தமிழில் வரும் கட்டுரைகளில் பாதி, திராவிடோசாரஸைச் சந்தேகமே இல்லாத டைனோசராக இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவதான அரியலூர்த் தொகுதியில் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் முக்கியமானது. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற ஊரின் பெயரைத் தாங்கிய இந்த அடுக்கைத்தான் சிமெண்ட் ஆலைகள் பெரிதும் வெட்டியெடுக்கின்றன. சுரங்கச் சுவரைப் பார்த்தால் கல்லுக்குள் சிப்பி இருப்பதாகத் தோன்றாது. சிப்பிகளின் இடைவெளியில் கொஞ்சம் கல் இருப்பதாகத் தோன்றும். கிரைஃபியா எனப்படும் கொழுத்த ஆளிச் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து மேடாகிக் கிடக்கின்றன. பல ஓடுகளின் மேல் சல்லடைபோல் துளைகள் இருக்கும். அவை ஆளி இறந்த பின் அல்லது உயிரோடிருந்தபோதே கடற்பஞ்சு துளைத்தவை. இனோசெராமஸ் என்ற பெரிய சிப்பியின் துண்டும் கிடைக்கும். அதன் உடைந்த விளிம்பில் ஊசிகளை நெருக்கி நிறுத்தியதுபோன்ற இழைகள் தெரிந்தால் சந்தேகமின்றி அதுவே. இதற்கு மேலுள்ள ஒட்டக்கோவில் மணற்கல்லில் கடல் முள்ளெலிகள், முள்ளெல்லாம் உதிர்ந்து, முதுகில் ஐந்து இதழ்ப் பூவின் அச்சோடு, பொறுக்குவதற்குத் தயாராகக் கிடக்கின்றன.

கடல் பின்வாங்கியபோது அதன்மேல் ஆறுகள் படியவைத்த மண்ணே கல்லமேடு அடுக்கு. டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி அது. உங்கள் கேள்விக்கு உரிய இடமும் அதுதான். சார்லஸ் மேட்லி 1929இல் இந்தப் பகுதி டைனோசர்களைப் பற்றி எழுதினார். பின்னர் 1987இல் முன்சொன்ன யாதகிரி, அய்யாசாமி இருவரும் கல்லமேட்டருகே கிடைத்த எலும்புகளுக்கு பிருஹத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயரிட்டார்கள். பிருஹத்காயம் என்றால் பேருடல். அதன் கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர் நீளம். உலகின் மிகப்பெரிய டைனோசர்களுள் ஒன்றாகக் கருதப்படும் அர்ஜென்டினோசாரஸுக்கே அது ஏறத்தாழ 1.55 மீட்டர்தான். முதலில் ஊனுண்ணி என்று எழுதப்பட்ட இது, நீண்ட கழுத்துடைய தாவரவுண்ணியாகவே இருக்க முடியும் என்று பின்னர் ஏற்கப்பட்டது. சோகம் என்னவென்றால் அந்த எலும்புகள் இன்று இல்லை. மழையில் ஊறி வெயிலில் வெடிக்கும் மண்ணில் பல காலம் கிடந்து நொறுங்கியிருந்த அவை, சாந்து பூசிக் கட்டியெடுத்தும், ஆய்வகம் சேரும் முன்பே உதிர்ந்துவிட்டன. அது கல்மரத்துண்டாக இருக்கலாம் என்றுகூட வெளிநாட்டில் சிலர் ஐயுற்றார்கள். 2022இல் பழைய களப் புகைப்படங்கள் வெளியான பிறகே எலும்பு என்பது உறுதிப்பட்டது. 2023இல் வந்த ஒரு கணிப்பு அதன் எடை 110 டன்னுக்கும் மேல் இருந்திருக்கலாம் என்றது. இல்லாத எலும்பை வைத்து எடை சொல்வதை நான் பாதி மட்டும் நம்புகிறேன்.

அதே கல்லமேட்டில் கிடைத்த ஓர் ஆமைக்கு 2001இல் கூர்மாடெமிஸ் என்று பெயரிட்டார்கள். நம் ஊர் ஆமைபோல் கழுத்தை உள்ளிழுக்காமல் பக்கவாட்டில் மடக்கி ஒளித்துக்கொள்ளும் வகை. அதன் நெருங்கிய உறவினமான கின்கோனிகெலிஸ் கிடைத்த இடம் மடகாஸ்கர். மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்தது ஏறத்தாழ 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்பதால், இரு கரைகளிலும் ஒரே குடும்பத்து ஆமைகள் இருந்ததில் வியப்பில்லை. பேருடலைவிட இந்த ஆமை அறிவியலுக்கு அதிகம் சொல்கிறது என்பது என் கருத்து. கையில் எடுத்துப் பார்க்க மண்டையோடு இருக்கிறது. 2013இல் ட்ரூடான்டிட் என்ற சிறிய ஊனுண்ணி டைனோசருடையது என்று ஒரு பல் அறிவிக்கப்பட்டது. வட கண்டங்களில் மட்டும் அறியப்பட்ட குடும்பம் என்பதால் அது பரபரப்பாயிற்று, ஆனால் ஒற்றைப் பல். முட்டையைப் பொறுத்தவரை, அரியலூர்ப் பகுதியில் கிடைத்த ஒரு டைனோசர் முட்டையின் ஓட்டு நுண்ணமைப்பு 1996இலேயே ஆராய்ந்து வெளியிடப்பட்டுவிட்டது. ஆகவே அடுத்த முறை ஏரி வெட்டும்போது உருண்டை கிடைத்தால், முதலில் கேட்க வேண்டியது அந்த ஏரி எந்த அடுக்கின் மேல் இருக்கிறது என்பதே. கடற்படிவு என்றால் அம்மோனைட்டை எதிர்பாருங்கள். கல்லமேடு போன்ற ஆற்றுப்படிவு என்றால் ஓட்டைத் தேடிப் பாருங்கள். எதுவானாலும் இடத்திலிருந்து பெயர்த்தெடுப்பதற்கு முன் புகைப்படமும் இடக்குறிப்பும் எடுத்துவிட்டு, அரியலூரை அடுத்த வாரணவாசி அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத எச்சம் அலமாரிக்கு மட்டுமே உதவும்.

கல்லமேட்டுக்கும் கிழக்கே, நின்னியூரில், கடைசியாக ஓர் அடுக்கு இருக்கிறது. கடல் மீண்டும் ஒருமுறை ஏறிவந்து விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் அது. அதற்குள் டைனோசர் காலம் முடிந்துவிட்டது. மேற்கே ஊட்டத்தூரிலிருந்து கடலில் படிந்த அடுக்குகளில் கூடவே வந்த அம்மோனைட் இங்கே ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக, அதைப் போலவே அறை அறையாகத் தடுத்த ஓட்டோடு ஹெர்கோகிளாசா என்ற நாட்டிலஸ் வகை மட்டும் கிடைக்கிறது. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேற்பரப்பில் மிதந்து வளர்ந்தவை. நாட்டிலஸின் முட்டை பெரியது, குஞ்சு மஞ்சள்கருவை உண்டு ஆழத்தில் பொரிந்தது. டைனோசர் காலத்தை முடித்த பேரழிவில் மேற்பரப்பின் உணவு அற்றுப்போன அந்தச் சில ஆண்டுகளை ஒன்று கடக்க முடியாமல் போனதற்கும் மற்றொன்று கடந்ததற்கும் இதுவே காரணம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். அந்த நாட்டிலஸின் உறவினங்கள் இன்றும் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் ஆழத்தில் நீந்திக்கொண்டிருக்கின்றன.